அடைப்புக்குறிக்குள் கனடா

இரும் தம்பி, அவசரப்படாதையும். நீர் எழுதித் தந்த லிஸ்டில ஒரு ஆள் குறையுது.

அல்வாய் நல்லையாவுக்கு நாலு பிள்ளையள். நீர் மூண்டு பேரைத்தான் எழுதியிருக்கிறீர். வாகீசன் கனடா, அது நீர். கௌசலா பாரிஸ். சுரேந்தர் லண்டன். சரி, கடைக்குட்டி எங்க? நிமலன் எண்டு ஒருத்தன் இருக்கிறானெல்லோ? போன வருசத் தேருக்கு உமக்குப் பக்கத்தில நிண்டு வடம் பிடிச்சவன். நான் கண்ணால கண்டனான். ஆள் கொஞ்சம் மெலிஞ்சு போனான், ஆனா நெத்தி அப்பிடியே தகப்பன்ர நெத்தி.

முகத்தை அப்பிடி வைக்காதையும். தகப்பன் முந்தநாள் செத்தவர், நீர் ரெண்டு நாளா நித்திரையில்லாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையிறீர், எனக்கு விளங்குது. தேத்தண்ணியைக் குடியும். மறந்துபோய் விட்டனீர் எண்டால் பரவாயில்லை. வேணுமெண்டு விட்டனீர் எண்டால், நான் ஒரு கதை சொல்லுறன், கேட்டிட்டு முடிவெடும்.

இந்த பேஸ்மென்டில இருந்து நான் மரண அறிவித்தல் எழுதத் துடங்கி இருபத்திரண்டு வருசம். நோட்டீஸ் மார்க்கண்டு எண்டால் ஸ்காபரோவில தெரியாத ஆள் இல்லை. ஊரில அச்சகத்தில புரூஃப் பாத்தவன் நான். ஒரு எழுத்துப் பிழை விடமாட்டன், ஒரு உறவு பிழையா வர விடமாட்டன். அன்னாரின் மகன், மருமகன், சகலன், சம்மந்தி, பெறாமகள், பூட்டப்பிள்ளை, எல்லாம் வரிசைப்படி வரவேணும். ஒருக்கா ஒரு சகலன்ர பேரை விட்டுப்போட்டன். அந்த மனுசன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரேல்லை, ஆறு வருசமா அந்த வீட்டுப் படி மிதிக்கேல்லை. அதுக்குப் பிறகு நான் சரியான கவனம். பேருக்குப் பக்கத்தில அடைப்புக்குறி போட்டு நாட்டை எழுதிவிடுவன். நோர்வே, சுவிஸ், அவுஸ்திரேலியா. எங்கட சனம் திக்குத் திக்காப் போய்க் கிடக்கு. ஆர் உயிரோட இருக்கினம், எங்க இருக்கினம் எண்டு நோட்டீசைப் பாத்துத்தான் கனபேர் அறிஞ்சவை.

எழுதின ஒண்டையும் நான் எறிஞ்சதில்லை. அந்த அலுமாரியில இருபத்திரண்டு வருசமும் கிடக்கு. கொம்பியூட்டரிலயும் கிடக்கு.

இப்ப சனம் என்னைக் கண்டால் றோட்டுக்கு மற்றப் பக்கத்தால போகுது. கடையில கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிண்ட மனுசி, நான் கிட்டப் போன உடன கூடையை வைச்சிட்டு வெளியில போட்டுது. எனக்கு விசர் வராதோ? நான் என்ன களவெடுத்தனானோ? கோகுலன்ர விசயத்தில நான் என்ன பிழை செய்தனான்? நீரே சொல்லும்.

கோகுலன் ஆரெண்டு சொல்லுறன். எங்கட கரவெட்டிப் பூரணத்தின்ர கடைசி மகன். மூத்தவன் செந்தூரன், இஞ்ச பஸ் ஓடுறான், தங்கமான பெடியன். நடுவில ஒரு பெட்டை, ஜேர்மனி. பூரணம் போன வருசம் புரட்டாதியில செத்தது. செந்தூரன் வந்தான், உம்மைப்போலதான், இதே கதிரையில இருந்தவன். லிஸ்டைத் தந்தான். பாத்தால் ரெண்டு பிள்ளையள்தான் கிடக்கு. ஏனடா தம்பி, கோகுலன் உன்னோடதானே இருக்கிறான் எண்டு கேட்டன்.

"இல்லை ஐயா, அவன்ர அகதி வழக்கு நடக்குது. முடியுமட்டும் பேர் ஒரு இடத்திலயும் வெளியில வரவேண்டாம் எண்டு லோயர் சொன்னவர்" எண்டான்.

சரியெண்டு தலையாட்டினன். அவன் போட்டான். நான் இருந்து எழுதுறன், எழுத மனம் வரேல்லை. தாய்க்குக் கொள்ளி வைக்கிறது ஆர்? தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். அதுதானே எங்கட முறை. தகனம் நடக்கேக்க அந்த மண்டபத்தில கோகுலன்தான் வேட்டி கட்டிக்கொண்டு நிக்கப்போறான், அவன்தான் பொத்தானை அமத்தித் தாயை நெருப்புக்குக் குடுக்கப்போறான். கொள்ளி வைக்கிற பிள்ளையின்ர பேர் நோட்டீசில இல்லையெண்டால் அது என்ன நோட்டீஸ்? உயிரோட இருக்கிற பிள்ளையை நானே சாக்காட்டின மாதிரியெல்லோ?

செந்தூரனுக்குக் காட்டி ஓமெண்டு வாங்கினது ரெண்டு பேரோட. அனுப்பேக்க நான் மூண்டாவது பேரைச் சேர்த்தன். கோகுலன், அடைப்புக்குறிக்குள்ள கனடா. அவ்வளவுதான். ஒரு சொல்லும் ஒரு நாடும்.

அண்டைக்குப் பின்னேரம் கோகுலன் ரெலிபோன் எடுத்தவன். "ஐயா, அம்மாவின்ர நோட்டீசில என்ர பேரைப் பாத்தன்" எண்டான். பிறகு அழுதான். கனநேரம் அழுதான். கடைசியா நன்றி எண்டு சொன்னவன். சொன்னவன், தம்பி, நான் பொய் சொல்லேல்லை. இப்ப சனம் கதைக்கேக்க இதை ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

அடுத்தநாள் செந்தூரன் வந்து வாசல்ல நிண்டான். உள்ளுக்கு வரேல்லை. "எடுத்துவிடுங்கோ ஐயா" எண்டு மட்டும் சொன்னான். இணையத்தில இருந்து எடுத்துவிட்டன். ஆனா பேப்பரிலயும் வந்திட்டுது. தமிழ்க் கடை வாசல் எல்லாத்திலயும் இலவசமா அடுக்கி வைக்கிற பேப்பர், அதை ஆர் போய்ப் பொறுக்கிறது?

செத்தவீட்டில பின்வரிசையில ரெண்டு வெள்ளைக்காரர் கோட் சூட்டோட நிண்டவை. மண்டபத்து ஆக்கள் எண்டு நான் நினைச்சன். கும்பிடு போட்டுப் பலகாரப் பெட்டியும் குடுத்தன். வாங்கினவை.

இனி ஹெதரைப் பற்றிச் சொல்லவேணும். சனம் அவவைத்தான் பிழையாக் கதைக்குது. ஹெதர் எண்டால் கொம்யூனிட்டி ஒபிசர். அரசாங்கத்தில எந்தக் கந்தோர் எண்டு கேட்காதையும், அட்டையில நீட்டுக்கு இருக்கு, எனக்கு வாயில வராது. மூண்டு வருசத்துக்கு முந்தி முதியோர் சங்கத்துக்கு வந்து பேசினவ. புதுசா வந்த சனமும் இந்த நாட்டுச் சனமும் ஒண்டாக் கலக்கவேணும், ஒருத்தரை ஒருத்தர் விளங்கவேணும் எண்டு. நல்ல பேச்சு. முடிஞ்சாப்பிறகு என்னட்டை வந்து, உங்கட சனத்தின்ர பேரையெல்லாம் எப்பிடி உச்சரிக்கிறது எண்டு கேட்டவ. நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருசம், தம்பி. தொழிற்சாலையில பதினாறு வருசம் என்னை "ஏய்" எண்டுதான் கூப்பிட்டவங்கள். உன்ர பேரை எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்ட முதல் வெள்ளைக்காரி அவதான்.

பிறகு மாதத்துக்கு ஒருக்கா வருவா. நீர் இருக்கிற கதிரையிலதான் இருப்பா. சப்பாத்தை வாசல்ல கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வருவா, ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லை. எனக்குச் சந்தோசமா இருந்தது. ஏன் மறைப்பான், சரியான சந்தோசம். என்ர மகள் இதே வீட்டில மேல இருக்கிறா, கீழ இறங்கி வந்து என்னோட கால்மணித்தியாலம் இருக்க அவவுக்கு நேரமில்லை. ஹெதர் இருந்து கேப்பா. சகலன் எண்டால் ஆர், பெறாமகன் எண்டால் ஆர், இந்த அடைப்புக்குறி என்னத்துக்கு. நானும் சொல்லுவன். என்னை "மிஸ்டர் மார்க்" எண்டு கூப்பிடுவா. அந்தா சுவரில தொங்குது பாரும், சமூகப் பாலம் எண்டு எனக்குத் தந்த பத்திரம். கண்ணாடி போட்டது நான்தான்.

பூரணம் செத்து அஞ்சாம் நாள் ஹெதர் வந்தவ. அந்தப் பேப்பரைக் கையில வைச்சிருந்தவ. உங்கட வேலையை நான் ஆறுதலா வாசிச்சனான், நல்ல வடிவா இருக்கு, எண்டு துடங்கினவ. பிறகு கோகுலன்ர பேரில விரலை வைச்சு, இவர் இஞ்ச வரமுந்தி எங்க இருந்தவர் எண்டு கேட்டவ.

அது எனக்குப் பெரிய வேலையே? எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தன். இரண்டாயிரத்தெட்டு ஐப்பசி. பூரணத்தின்ர மனுசன் வருத்தம் வந்து செத்த நோட்டீஸ். எழுதினது நான்தான், செந்தூரன் இஞ்ச இருந்து போடுவிச்சது. அதில கிடக்கு: கோகுலன், அடைப்புக்குறிக்குள்ள வன்னி. எடுத்து மேசையில வைச்சன்.

"இந்த அடைப்புக்குறி அந்த நேரம் அவர் இருந்த இடம்தானோ, மிஸ்டர் மார்க்? பிழை வாறேல்லையோ?" எண்டா.

என்ர அடைப்புக்குறி ஒருநாளும் பிழைச்சதில்லை எண்டு சொன்னன். உண்மைதானே.

வழக்கில அவன் அந்த வருசமெல்லாம் இயக்கத்தின்ர கையில இருந்த வன்னியில இல்லை, கொழும்பில இருந்தனான் எண்டு சொல்லியிருக்கிறானாம். எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்குச் சொன்னவையே? சொல்லியிருந்தால் நான் பழசை எடுத்திருப்பனோ? மடியில கனமிருந்தால்தான் வழியில பயம் எண்டு சொல்லுறது. அவனுக்கு மடியில கனமில்லை, பிறகு ஏன் பொய் சொன்னவன்? நான் ஹெதருக்கு வடிவா விளங்கப்படுத்தினன். பாருங்கோ, சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் பிடிச்ச காலம். இவன் விரும்பிப் போகேல்லை. துவக்குத் தூக்கேல்லை. தண்ணி பவுசர் லொறி ஓடினவன், இடம்பெயர்ந்த சனத்துக்குத் தண்ணி குடுத்தவன். பத்தொன்பது வயசு. நல்ல பிள்ளை எண்டு அவ அறியவேணுமெண்டுதான் சொன்னன். அவனுக்காகக் கதைச்சது நான், தம்பி. வேற ஆர் கதைச்சது?

ஹெதர் ஒண்டும் எழுதேல்லை. கொப்பியே திறக்கேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, கோப்பையைத் தானே கழுவி வைச்சிட்டுப் போனவ. போன ஆள் கார் எடுக்கேல்லை. இந்த யன்னலால பாத்தால் றோட்டில நிக்கிற காரின்ர ரயர்ச் சில்லுத்தான் தெரியும். இருபது நிமிசம் அந்தச் சில்லு அசையேல்லை. ரெலிபோன் வந்திருக்கும் எண்டு நினைச்சன்.

எட்டாம் நாள் விடிய குடிவரவு ஆக்கள் வந்து கோகுலனைக் கொண்டு போட்டினம். இப்ப எயார்போட்டுக்குக் கிட்டத் தடுப்பில இருக்கிறான். இயக்கத்தில இருந்தவன், மறைச்சவன் எண்டு வழக்கு. தண்ணி பவுசர் ஓடினாலும் இயக்கம் இயக்கம்தானாம். தண்ணி ஆருக்குக் குடுத்தாய் எண்டு சட்டம் கேக்காதாம். செந்தூரன், தன்ர தம்பி கொழும்பில இருந்தவன் எண்டு சத்தியக்கடதாசி குடுத்தவன், அவனையும் கூப்பிட்டு விசாரிக்கினம். பஸ் கொம்பனி வேலைக்கு வரவேண்டாம் எண்டிட்டுது. தாயின்ர அந்தியேட்டிக்கு இளையவன் இல்லை. மூத்தவன் செய்தான். நான் போனன். ஒருத்தரும் எனக்குச் சோறு போடேல்லை. வாழையிலைக்கு முன்னால நான் சும்மா இருந்திட்டு எழும்பி வந்தன்.

எங்கட சனத்தில எவனோ காட்டிக்குடுத்திருக்கிறான். எரிச்சல் பிடிச்ச சனம் எங்களில இல்லையோ? ஒருத்தன் கொஞ்சம் நிமிந்தால் காணும். நான் ஹெதரிட்டையே கேட்டன், ஆர் சொன்னது எண்டு. அவ என்னைப் பாத்தா. "அதை நான் சொல்லக்கூடாது, மிஸ்டர் மார்க்" எண்டா. அவ்வளவு நேர்மை. எங்கட ஆக்கள் எண்டால் சொல்லியிருப்பினம்.

ஆரபி எண்டு ஒரு லோயர் பெட்டை, எங்கட பெட்டைதான், கோயில் மண்டபத்தில கூட்டம் வைச்சவ. கோகுலனைப் பிடிச்சாப்பிறகு. நானும் போனன். சனம் எனக்குப் பக்கத்துக் கதிரையை விட்டிட்டுத்தான் இருந்தது. அந்தப் பெட்டை சொல்லுறா, அரசாங்க ஆக்கள் கேக்கலாம், அது அவையின்ர வேலை, ஆனா பதில் சொல்லவேணும் எண்டு உங்களுக்குக் கட்டாயம் இல்லை எண்டு. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டாலும் கேள்வி கேள்விதான் எண்டு. என்னைப் பாத்துத்தான் சொன்னவ. நான் எழும்பினன். பிள்ளை, வீட்டுக்கு வந்த ஆள் ஒண்டைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கிறது எங்கட பழக்கமோ எண்டு கேட்டன். சட்டம் இருக்கத்தானே வேணும், குண்டு வெடிச்சால் எங்கட பிள்ளையளும்தானே சாகும், அங்க நாங்கள் பாக்காததோ எண்டு கேட்டன். பின்னால இருந்து ஆரோ சொன்னான், தவளை தன்ர வாயால கெடும், இது ஊரையும் கெடுக்குது எண்டு. சனம் சிரிச்சது. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியில வந்தன் தம்பி. எழுபத்திரண்டு வயசில அப்பிடிச் சிரிப்புக் கேக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்தால் மகள் நிக்கிறா. "அப்பா, நீங்கள் செத்தால் நான் நோட்டீஸ் போடமாட்டன்" எண்டா. கோபத்தில சொல்லேல்லை. சாதாரணமாச் சொன்னா, அதுதான் இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது.

சரி, என்ர கதையை விடும். உம்மட விசயத்துக்கு வருவம். நிமலன்ர பேரைப் போடுவம். கோகுலன்ர வீட்டில முதலே உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. மறைக்கப் போய்த்தான் வந்தது.

என்ன சொல்லுறீர்? ஒருத்தற்றை பேரும் வேண்டாமோ? உம்மட பேருமோ? தகப்பன்ர பேரும் செத்த திகதியும் மட்டுமோ?

நீர் எட்டாவது ஆள் தம்பி. இந்த ரெண்டு மாசத்தில ஏழு நோட்டீஸ் அப்பிடித்தான் எழுதினன். பிறப்பிடம், வதிவிடம், இறைவனடி சேர்ந்தார், தகனம் இத்தினை மணிக்கு. முடிஞ்சுது. அஞ்சு பிள்ளையளும் பதினொரு பேரப்பிள்ளையளும் உள்ள மனுசி, அநாதையாச் செத்த மாதிரிக் கிடக்கு. எழுதேக்க எனக்குக் கை வரேல்லை.

ஹெதரும் அதைத்தான் கேட்டவ. போன கிழமை வந்து ஏழையும் மேசையில பரப்பி வைச்சிட்டு, இவைக்கு ஒருத்தரும் இல்லையோ எண்டு கேட்டவ. இருக்கினம், பேர் சொல்லப் பயப்பிடுகினம் எண்டன். "எந்தெந்தக் குடும்பம் பயப்பிடுதெண்டு தெரிஞ்சால் நாங்கள் உதவி செய்யலாம், மிஸ்டர் மார்க்" எண்டா. எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. ஆர் பயப்பிடுகினம் எண்டு தெரியாமல் எப்பிடிப் பயத்தைப் போக்கிறது? அதுதான் இந்தத் தாளில எழுதிக்கொண்டிருக்கிறன். ஏழு வீடும் இருக்கு, விட்டுப்போன பேர் எல்லாம் இருக்கு, ஆர் ஆருக்கு என்ன முறை, இப்ப எங்க. அலுமாரியைப் பாத்துப் பாத்து எழுதினது. ரெண்டு பேர் என்ர சொந்தக்காரர், அவையையும் விடேல்லை. இன்னும் குடுக்கேல்லை. இண்டைக்குப் பின்னேரம் வருவா.

ஏன் எழும்புறீர்? இரும். நான் உமக்கு நல்லதுதான் சொல்லுறன். பேரோட போட்டால் அது நோட்டீசில நிக்கும். பேரில்லாமல் போட்டால் இந்தத் தாளில எட்டாவதா வரும். எப்பிடியும் நான் எழுதத்தான் போறன், எனக்குக் குறை வைச்சு எழுதத் தெரியாது. தகப்பன் செத்த வீடு, உம்மோட எனக்கு வாக்குவாதம் வேண்டாம். ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் போம்.

நிமலனுக்குக் கனடா எண்டு போடட்டோ?